கத்திரி வெயிலில் அத்தான் போட்ட தோட்டம்

அத்தானின் பெட்டியைத் திறந்த அன்று கூடத்தில் ஆள் உட்கார இடமில்லை. குவைத்திலிருந்து வரும் பெட்டிக்கு எங்கள் தெருவில் தனி மரியாதை உண்டு. பெட்டியைச் சுற்றிக் கட்டியிருந்த நைலான் கயிற்றை அக்கா அரிவாள்மனையில் அறுத்தாள். எங்கள் சின்னம்மா முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மூடி திறந்ததும் முதலில் வெளியே வந்தது பச்சை நிறத்தில் சுருட்டி வைத்த வலைத்துணி. அதற்கு அடியில் ரப்பர் குழாய், குழாயோடு குழாயை இணைக்கிற பித்தளைத் துண்டுகள், கிளை வெட்டும் கத்தரிக்கோல் இரண்டு, அரபி எழுத்துப் போட்ட விதைப் பொட்டலங்கள். செண்ட் பாட்டில் என்று நினைத்து சின்னம்மா ஒரு குப்பியை எடுத்துக் கழுத்துப் பக்கம் இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. "தீந்துருச்சு போல" என்று அதைக் கீழே வைத்தார். அது இலைக்குத் தண்ணீர் தெளிக்கிற குப்பி என்று அத்தான் மெதுவாகச் சொன்னார். பெட்டியில் போர்வை என்று ஒன்றே ஒன்று இருந்தது. அதுவும் குழாய் நசுங்காமல் இருப்பதற்காகச் சுற்றி வைத்தது. கால்மணி நேரத்தில் கூடம் காலியாகிவிட்டது.

அத்தான் என்று நான் சொல்வது என் அக்காவின் கணவரை. முதுகுளத்தூரிலிருந்து சாயல்குடி போகிற சாலையில், பேருந்து நின்றால்தான் ஊர் இருப்பதே தெரியும் என்கிற மாதிரியான ஊர் எங்களுடையது. கரிசல் காடு, மிளகாய், ஆடு, எங்கே பார்த்தாலும் சீமைக்கருவேல். கல்யாணமாகி இரண்டாம் வருடம் குவைத்துக்குப் போனவர் பத்தொன்பது வருடம் அங்கேயே இருந்தார். முதலில் கட்டட வேலை. அப்புறம் ஒரு பெரிய அரபி வீட்டில் தோட்டக்காரர். பாலைவனத்தின் நடுவில் அந்த வீட்டுக்குப் புல்தரையும் பூச்செடியும் வெள்ளரிக் கொடியும் அவர் பொறுப்பு. அந்த வீட்டுப் பெரியவர் இறந்துபோனதும் இனிமேல் போவதில்லை என்று முடிவு செய்து, சித்திரை மாதப் பாதியில் ஊருக்கு வந்து இறங்கினார்.

இடையில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை நாற்பது நாள் விடுப்பில் வருவார். அந்த நாற்பது நாளும் வீடு அவரை விருந்தாளியாகவே வைத்திருக்கும். நல்ல பாய், நல்ல தலையணை, பீரோவிலிருந்து எடுத்த பூப்போட்ட எவர்சில்வர் டம்ளர். இப்போது ஒரேயடியாக வந்துவிட்ட பிறகும் அந்த டம்ளர் உள்ளே போகவில்லை. உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. மோட்டார் சுவிட்சைத் தேடி விளக்கைப் போட்டுவிடுவார். திருச்சியில் நர்சிங் படிக்கிற மகள் போனில் பேசினால் மேலதிகாரியிடம் பேசுவது போல "சரிங்கப்பா" என்று நாலு தடவை சொல்லிவிட்டு, அம்மாவிடம் கொடுக்கச் சொல்லுவாள். தெருவில் இறங்கினால் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "எப்ப வந்தீக, எப்பப் போறீக?" இனிமேல் போகவில்லை என்று அவர் சொன்னால் சிரித்துவிட்டு, "அது சரி, லீவு எத்தன நாளு?" என்பார்கள்.

அக்கா அவரை ஒரு சொல் கடுமையாகப் பேசி நான் கேட்டதில்லை. அவள் பேசத் தெரியாதவள் அல்ல. மிளகாய்க் காட்டைக் குத்தகைக்கு விடுவது, ஆட்டு வியாபாரியிடம் மல்லுக்கு நிற்பது, மகளைக் கல்லூரியில் சேர்ப்பது எல்லாம் தனியாகச் செய்து பழகிய நாக்கு. ஆனால் புருஷனிடம் மட்டும் "சாப்பிடுறீகளா", "படுக்குறீகளா" என்பதற்கு மேல் போகமாட்டாள். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம், அவர் காதில் விழுகிற தூரத்தில் வைத்து, என்னிடம் சொல்லுவாள். நான் ராமநாதபுரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். அப்போது கல்யாணம் ஆகவில்லை. மே மாத விடுமுறை முழுக்க அக்கா வீட்டில்தான் இருப்பேன். அதனால் அந்தக் கோடையில் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் நடுவில் தபால் பெட்டி வேலை எனக்கு வாய்த்தது.

தோட்டப் பேச்சு ஒரு மத்தியானச் சாப்பாட்டில் ஆரம்பித்தது. அன்றைக்கும் வத்தக்குழம்பு; அதற்கு முந்தின நாள் கருவாட்டுக் குழம்பு. காய் ஏதும் இல்லையா என்று அத்தான் சாதாரணமாகக் கேட்டார். மதுரையிலிருந்து வேனில் காய் வந்து சேருவதற்குள் கத்தரிக்காய் சுருங்கிக் கிழமாகிவிடும் என்றும், இந்த வெயிலில் அதை வாங்குவது வீண் என்றும் அக்கா என்னைப் பார்த்துச் சொன்னாள். அத்தான் கையைக் கழுவிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய் நின்றார். அக்கா மிளகாய் வத்தல் காயப்போடுகிற, மற்ற நாளில் ஆடு கட்டுகிற இடம் அது. திரும்பி வந்து, நாளைக்கே அங்கே காய்கறித் தோட்டம் போடப்போவதாக அறிவித்தார். அக்கினி நட்சத்திரம் பிறந்து இரண்டாம் நாள் அது. தெரு நாய்கள்கூட நிழல் விட்டு நிழலுக்கு ஓடித்தான் கடந்துகொண்டிருந்தன.

"தம்பி, ஆடி வரட்டும், ஒரு மழை விழட்டும்னு சொல்லு" என்றாள் அக்கா.

"அங்கன அம்பது டிகிரி வெயில்ல பச்சைப் பசேல்னு வச்சிருந்தேன் மாப்ள. இங்கன இதெல்லாம் ஒரு வெயிலா?" என்றார் அத்தான்.

"அங்கன இருந்தது அவுக தண்ணி. இங்கன இருக்கது நம்ம தண்ணின்னு சொல்லு."

இரண்டையும் நான் சொல்லவில்லை. மூவரும் ஒரே அறையில் இருந்தோம்.

மறுநாள் விடிவதற்கு முன்பே அத்தான் என்னை எழுப்பிவிட்டார். குவைத்தில் கோடையில் நடுப்பகலில் வெளிவேலை செய்யக்கூடாது என்று சட்டம் இருக்கிறதாம். அந்தச் சட்டத்தை அவர் எங்கள் கொல்லையிலும் அமல்படுத்தினார். பொழுது விடிவதற்கு முன் தொடங்கி ஒன்பது மணிக்கு நிறுத்த வேண்டும். வேலை தொடங்க "யல்லா" என்று சத்தம் போடுவார். கடப்பாரையை ஓங்கிக் குத்தினால் மண் 'டங்' என்று கோயில் மணி போலச் சத்தம் கொடுத்தது. கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். முதல் நாள் என் சட்டைப்பையில் இருந்த பேனா அப்படி ஒரு வெடிப்பில் விழுந்தது. கையை முழங்கை வரை விட்டும் அகப்படவில்லை. இரண்டாம் நாள் மூக்குக்கண்ணாடி. அதை மட்டும் அத்தான் குச்சியில் கம்பியைக் கட்டி எடுத்துக் கொடுத்தார். கணக்கு வாத்தியார் கை இரண்டும் கொப்புளித்து, கரண்டியைப் பிடித்துச் சாப்பிட வேண்டி வந்தது. ஐந்து நாளில் நாலு பாத்தி எழுந்தது. அதற்குள் அக்காவின் ஆடுகளும் "யல்லா" என்றால் எழுந்து நிற்கப் பழகிவிட்டன.

கொல்லையை விட்டு ஆடுகளை வாசலுக்கு மாற்றியதில் அக்காவுக்கு வருத்தம். வாசலில் கட்டினால் ஆடுகள் வருகிறவர் போகிறவர் வேட்டியைக் கடிக்கின்றன என்று என்னிடம் புகார் சொன்னாள். அத்தானுக்கோ ஆட்டுப் புழுக்கை தேவை. அது அக்காவின் சொத்து. கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் அக்காவே ஒரு சாக்கு நிறையக் கட்டிப் பாத்தி ஓரத்தில் கொண்டுவந்து போட்டுவிட்டு, உள்ளே போனாள். அதைக் கையால் பொடித்துத் தூவும்போது அத்தான் ஒரு கதை சொன்னார். அந்த அரபி வீட்டுத் தோட்டத்துக்கு எரு மூட்டை கப்பலில் வருமாம். ஒரு நாள் மூட்டையைப் பிரிக்கப் போனால் மேலே இந்தியாவிலிருந்து வந்தது என்று எழுதியிருந்ததாம். "ஊரை விட்டு வந்த ரெண்டு பேரும் அங்கன சந்திச்சுக்கிட்டோம் மாப்ள" என்றார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

அடுத்தது நிழல். குவைத்திலிருந்து வந்த வலைத்துணி இரண்டு பாத்திக்கே போதவில்லை. மீதிக்கு அக்காவின் பழைய சேலைகளும் அத்தானின் கைலிகளும் ஏறின. மஞ்சள், சிவப்பு, கட்டம் போட்டது, ஜரிகை போனது என்று எல்லாம் சேர்ந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்ததைச் சாலையிலிருந்து பார்த்தால் கல்யாணப் பந்தல் போலவே இருந்தது. பந்தல் ஏறிய மூன்றாம் நாள் காலையில் சின்னம்மா வந்தார். காப்பி வேண்டாம் என்றார், உட்காரவும் மாட்டேன் என்றார். கொஞ்ச நேரம் மூக்கைச் சிந்திவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னார்: மகளுக்குப் பேசி முடித்து, கொல்லையில் பந்தலும் போட்டுவிட்டு, சொந்தச் சின்னம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று. அவரைக் கைப்பிடியாகக் கூட்டிப்போய்ப் பந்தலுக்குக் கீழே காட்டினோம். கீழே வெறும் மண். அதில் ஐஸ் குச்சிகள் வரிசையாக நடப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் அத்தான் கையெழுத்தில் விதை போட்ட தேதி. சின்னம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "வெயில்ல வந்த மனுசன், தலைக்கு நல்லெண்ணெய் வச்சு விடு" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

தண்ணீர்தான் பெரிய பாடு. எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. பாத்திரம் கழுவலாம், நாற்றுக்கு ஊற்றினால் மறுநாளே பொசுங்கிவிடும். குழாயில் நல்ல தண்ணீர் நாலைந்து நாளுக்கு ஒருமுறை வரும். மற்றபடி டிராக்டரில் வருகிற தண்ணீரைக் குடம் குடமாக வாங்கி வைத்துக் குடிக்க வேண்டும். அதில் செடிக்குப் பங்கு கேட்பது வீட்டில் ஒரு ஆளைக் கூட்டுவது மாதிரி. அத்தான் கணக்குப் போட்டார்: ஒரு செடிக்குக் காலையில் ஒரு டம்ளர், சாயந்தரம் ஒரு டம்ளர். அளக்க எடுத்தது அந்தப் பூப்போட்ட எவர்சில்வர் டம்ளரை. அன்றிலிருந்து அவரும் எங்களைப் போல செம்பில் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார். அக்கா அதைக் கவனித்தாள்.

விதை போட்ட ஆறாம் நாள் வெண்டை முளைத்தது. அத்தான் எங்களைக் கூப்பிட்ட சத்தத்தில் பாம்போ என்று பயந்து நான் கம்போடு ஓடினேன். பரமக்குடியிலிருந்து வாங்கி வந்த கத்தரி, தக்காளி நாற்றுகளும் வேர் பிடித்தன. கொத்தவரை முளைத்தது. அரபிப் பொட்டலத்து விதையிலிருந்து ஏதோ ஒரு கீரை வந்தது. பெயர் ஜர்ஜீர் என்றார். தின்று பார்த்தால் கடுகைப் பச்சையாக மென்ற மாதிரி காரம். அன்று மாலையே ஒரு ஆடு கட்டறுத்துக்கொண்டு வந்து அந்தக் கீரை முழுவதையும் தின்று தீர்த்ததால், அதை என்ன செய்து சாப்பிடுவது என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. அத்தான் ஒவ்வொரு செடியாகக் குனிந்து இலையைத் தொட்டுப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வார். "இது தோட்டமில்ல தம்பி, ஐசியு" என்று அக்கா அடுப்படியிலிருந்து சொல்லுவாள்.

அப்படி இருக்கும்போதுதான் குவைத்திலிருந்து போன் வந்தது. இறந்துபோன பெரியவரின் மூத்த மகன். புதிதாக வந்த தோட்டக்காரன் கையில் புல்தரை பழுத்துப்போகிறதாம். அத்தான் திரும்பி வந்தால் விசாவும் விமான டிக்கெட்டும் உடனே அனுப்புவதாகச் சொன்னார். ஒரு மாதம் யோசித்துச் சொல்கிறேன் என்று அத்தான் போனை வைத்தார். அன்று சாயந்தரம் டம்ளரால் ஊற்றிக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"பத்தொம்பது வருசம் அடுத்தவன் வீட்டைப் பச்சையா வச்சிருந்தேன் மாப்ள. சொந்த வீட்டுல இந்த நாலு பாத்தி நிக்கலைன்னா, எனக்கு இங்கன வேலை இல்லைன்னு அர்த்தம். நான் போயிருவேன்."

வேடிக்கையாகச் சொன்னது போலத் தெரியவில்லை. என்னால் அதை வயிற்றில் வைத்துக்கொள்ள முடியவில்லை, அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "போறவுகளைக் கயிறு போட்டா கட்ட முடியும்?" என்றாள். உரித்த வெங்காயத்தைக் குப்பையிலும் தோலைச் சட்டியிலும் போட்டுக்கொண்டிருந்தாள். நான் சட்டியை மாற்றி வைத்தேன்.

அதற்கப்புறம் தோட்டத்துக்குக் கெட்ட காலம் பிறந்தது. முதலில் தக்காளியின் அடி இலை மஞ்சளாயிற்று. பிறகு கத்தரி மத்தியானத்தில் தலையைத் தொங்கப் போட்டது. சாயந்தரம் ஆனாலும் நிமிரவில்லை. அத்தான் இன்னொரு கைலியை மேலே கட்டினார். வீட்டில் உடுத்தக் கைலி இல்லாமல் காலையிலிருந்தே வெள்ளை வேட்டியில் திரிந்ததால் தெருவில் அவரை யாரோ தேர்தலுக்கு நிற்கிறாரா என்று கேட்டார்களாம். ஒரு வாரத்தில் முப்பத்தாறு குழியில் பதினைந்து காலியாகிவிட்டது. இறந்த செடியைப் பிடுங்க மனசில்லாமல் அப்படியே விட்டுவைத்தார். சாப்பாடு குறைந்துபோனது. இதற்கிடையில் வாசலில் ஆடுகள் வேறு ஓயாமல் கத்திக்கொண்டிருந்தன. இடத்தை மாற்றியதால் ஏங்குகின்றன என்று அக்கா சொன்னாள்.

இரண்டு தெரு தள்ளி, வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். ஊரில் விவசாய ஆபீசர் என்றால் அவர்தான். நான் போய்க் கூட்டி வந்தேன். மொபெட்டை நிறுத்திவிட்டுப் பந்தலை அண்ணாந்து ஒரு தடவை பார்த்தார். செத்துப்போன கத்தரிச் செடி ஒன்றைப் பிடுங்கி வேரை மோந்து பார்த்தார். குழிக்குள் விரலை விட்டு மண்ணை எடுத்து உருட்டினார். அது கொழுக்கட்டை போல உருண்டு வந்தது. இன்னொரு குழி, இன்னொரு கொழுக்கட்டை. அவர் முகத்தில் மெதுவாக ஒரு ஆச்சரியம் வந்தது.

"இது காஞ்சு சாகலைங்க. தண்ணி கூடிப்போய் அழுகிச் செத்திருக்கு" என்றார். "இந்தத் தாலுகாவுல இத்தனை வருசம் வேலை பாத்திருக்கேன். கத்திரி வெயில்ல தண்ணி கூடிச் செத்த செடியை இப்பத்தான் பாக்குறேன்."

அத்தான் பதறிவிட்டார். காலையில் ஒரு டம்ளர், சாயந்தரம் ஒரு டம்ளர், அதற்கு மேல் ஒரு சொட்டு ஊற்றவில்லை என்று டம்ளரையே கொண்டுவந்து காட்டினார். கரிசல் மண் மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று ஆபீசர் விளக்கினார். ஆனால் இரண்டு டம்ளருக்கு இவ்வளவு அழுகல் வராது என்றும் சொன்னார். வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டேன். அந்தப் போன் வந்த மறுநாளிலிருந்து, தினமும் மூன்றரை மணிக்கு அத்தான் டீக்கடைக்கும் அக்கா ஆட்டுக்குத் தழை ஒடிக்கவும் போகிற நேரம் பார்த்து, செடிக்கு ஒரு செம்பு நான் ஊற்றிக்கொண்டிருந்தேன். எப்படியாவது பிழைத்துக்கொள்ளட்டும் என்றுதான்.

ஆபீசர் மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். அப்போதும் கணக்கு இடிக்கிறது என்றார். அந்த நேரம் பார்த்து வாசலில் ஆடு கத்தியது. அத்தான் எழுந்துபோய் வாசலைப் பார்த்தார். அரிசி களைந்த தண்ணீர் ஊற்றி வைக்கிற கழனிப் பானை, எப்போதும் ஆட்டுக்கு முன்னால் நிறைந்து நிற்பது, காய்ந்து போய் ஒரு பல்லி அதற்குள் நிம்மதியாகப் படுத்திருந்தது. அத்தான் திரும்பி அக்காவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஆபீசரும் பார்த்தார்.

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஆமா, கழனித் தண்ணிய மத்தியானம் நான்தான் ஊத்துனேன். ஆட்டுக்குப் பச்சைத் தண்ணி வச்சேன், அதுக குடிக்க மாட்டேங்குது" என்றாள். பிறகு, என்னைப் பார்த்து அல்ல, நேராக அத்தானைப் பார்த்துச் சொன்னாள்: "நீங்க தூங்குற நேரம் அதுக தலையைத் தொங்கப் போட்டுக் கெடந்துச்சு. இதுகளும் போச்சுன்னா நீங்களும் கெளம்பிருவீக. பாத்துக்கிட்டு எப்படிச் சும்மா இருக்க?"

அத்தான் டம்ளரைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, காலையில் நாங்கள் எழுந்திருப்பதற்கு முன்பே தானும் ஒவ்வொரு செடிக்கும் இரண்டு டம்ளர் கூடுதலாக ஊற்றிவிட்டு, அப்புறம் எங்களை எழுப்பி அளந்து ஊற்றியதாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது கணக்கில் தோற்ற பையனைப் போலத் தரையைப் பார்த்தார். ஆபீசர் மொபெட்டை மிதிக்கும்போது, நாலு நாள் ஒருத்தரும் ஒரு சொட்டு ஊற்றக்கூடாது என்று கட்டளை போட்டார். "மூணு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிட்டாலே தோட்டம் பொழைச்சிருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார்.

அந்த நாலு நாள்தான் இருப்பதிலேயே கஷ்டம். அத்தான் நாற்காலியைக் கொல்லை வாசலில் போட்டு எங்கள் இருவரையும் காவல் காத்தார். அவரைக் காவல் காக்க அக்கா என்னை வைத்தாள். செம்பும் டம்ளரும் பீரோவுக்குள் பூட்டப்பட்டன. தண்ணீர் தாகம் எடுத்தால் சாவி கேட்க வேண்டும். ஆனால் ஒன்று நடந்தது. வேறு வேலை இல்லாததால் புருஷனும் பெண்டாட்டியும் கொல்லை வாசலில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். எந்த ஆடு எந்த ஆட்டின் குட்டி, எந்த வருடம் மிளகாய் மழையில் நனைந்தது, மகள் எந்த வயதில் சைக்கிள் ஓட்டினாள் என்று அக்கா சொல்லிக்கொண்டே இருப்பாள். அவர் ஏற்கெனவே போனில் கேட்டிருக்க வேண்டிய கதைகள்தான். ஆனாலும் முதல் தடவை கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தபால் வேலை குறைந்துபோனது.

ஐந்து வெண்டையும் இரண்டு கொத்தவரையும் பிழைத்தன. ஆடு கட்டிய முளைக்குச்சிப் பக்கம், யாரும் கவனிக்காததால் யாரும் தண்ணீர் ஊற்றாமல் விட்ட ஒரு பூசணிக்கொடி மட்டும் தினவெடுத்துச் சுவர் ஏறியது. பள்ளி திறந்து நான் ராமநாதபுரம் போய்விட்டேன். ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை வந்தபோது முதல் பறிப்பு: ஒன்பது வெண்டைக்காய். அதில் இரண்டைச் சின்னம்மா வீட்டுக்கு அனுப்பினாள் அக்கா. குவைத் வெண்டைக்காயா என்று அவர் கேட்டு அனுப்பினார். மீதி ஏழில் புளிக்குழம்பு. அத்தான் தட்டில் விழுந்த துண்டுகளை எண்ணினார். ருசி எப்படி என்று நான் கேட்டதற்கு, கொஞ்சம் முற்றல் என்று உண்மையைச் சொன்னார்.

சாப்பிட்டு முடிக்கும் முன்பே குவைத் போன் வந்தது. அத்தான் எழுந்து போய் அரபியில் வெகுநேரம் பேசினார். அக்கா அடுப்படி நிலையில் கரண்டியோடு நின்றாள். என்ன சொல்றாக என்று என்னிடம் கண்ணால் கேட்டாள். ஆட்டுக்குத் தெரிந்த அரபிதான் எனக்கும் தெரியும். அத்தான் திரும்பி வந்து தட்டு முன்னால் உட்கார்ந்தார்.

"புல்லு காய்ஞ்சு பழுக்கல, தண்ணி கூடி அழுகுதுன்னு சொன்னேன். ஊத்துறதக் கொறைக்கச் சொல்லிருக்கேன்" என்றார்.

"அப்ப நீங்க?" என்றாள் அக்கா.

"ஊத்துறதக் கொறைக்க நான் எதுக்கு அங்கன? மோர் ஊத்து."

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. எனக்குக் கல்யாணமாகி, ராமநாதபுரத்தில் மாடி வீட்டில் இருக்கிறேன். தொட்டியில் ஒரு கறிவேப்பிலை வைத்திருக்கிறேன். அதற்கு என் மனைவி ஊற்றினாளா என்று கேட்காமல் நான் ஊற்றுவதில்லை. அத்தான் இன்னமும் ஒவ்வொரு கத்திரி வெயிலுக்கும் பிடிவாதமாகப் பாத்தி கட்டுகிறார். ஆடி வரை பொறுக்கச் சொல்லி அக்கா ஒவ்வொரு வருடமும் சொல்லுகிறாள், இப்போது நேராகவே. பாதிச் செடி பிழைக்கும், பாதி பிழைக்காது. யாராவது வந்து யோசனை கேட்டால் தண்ணீரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறார். சிலர் இன்னமும் எப்பப் போறீக என்று கேட்கிறார்கள். பழக்கதோஷம்.

ஆனால் அவர் இனிப் போகமாட்டார் என்று எனக்கு நிச்சயமானது வெண்டைக்காய் பறித்த அன்று இல்லை. அதற்கு அடுத்த சனிக்கிழமை, நான் வந்திருந்தபோது. காலையில் அக்கா அவர் கையில் ரேஷன் அட்டையையும் இரண்டு பைகளையும் கொடுத்தாள். அந்த வேலையை அவள் அதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை, எனக்குக்கூட. அத்தான் சட்டையை மாற்றி, தலை சீவி, ஒரு அலுவலகத்துக்குப் போவது போலப் போனார். திரும்பி வர மத்தியானமாகிவிட்டது. அரிசி இருந்தது, சர்க்கரை இருந்தது, எண்ணெய்ப் பாக்கெட் இருந்தது. அக்கா பைகளைக் கவிழ்த்துப் பார்த்தாள். வரிசையில் முன்னால் நின்றவர் தன் முருங்கை பழுப்பதாகச் சொன்னாராம். அவருக்கு வேர் அழுகலைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்ததில் பருப்பை மறந்துவிட்டார்.

அக்கா இடுப்பில் கையை வைத்தாள். "பருப்பு எங்க? போன காரியம் என்ன, பேசிட்டு வந்த பேச்சு என்ன? நாளைக்குச் சாம்பாருக்கு உங்க நோட்டையா வேகப் போட? ரெண்டு மணிக்குக் கடையை அடைச்சுருவாக. உங்களை நம்பி அனுப்புனேன் பாருங்க, என்னையச் சொல்லணும்" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. மோட்டார் சுவிட்ச், வாசலில் ஆடு, பந்தலில் போன நல்ல சேலை ஒன்று, எல்லாம் வரிசையாக வந்தன. ஒரு சொல்கூட என்னைப் பார்த்துச் சொல்லப்படவில்லை. நான் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். அத்தான் அசையாமல் நின்று முழுவதையும் கேட்டார். பிறகு காலி பையை உதறி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டி, ஒரு மணி வெயிலில் திரும்பவும் இறங்கினார். தெருமுனையில் யாரோ, இந்த வெயிலில் எங்கே என்று கேட்டிருக்க வேண்டும். அத்தான் பதில் சொன்ன சத்தம் எங்கள் வாசல் வரை கேட்டது.

"வீட்டுல திட்டு வாங்கிட்டேன். பருப்பு வாங்கப் போறேன்."